லிபர்ட்டி கார்னர் கோல்ஃப் மியூசியம்: பால்மரின் பெயரை எங்கே தேடுவது

நியூ ஜெர்ஸியில் கோல்ஃபுக்கென்றே ஒரு மியூசியம் இருப்பது இங்கே குடியிருக்கும் நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது. தினமும் 287 நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய்வருகிறவர்கள்கூட அந்தப் பக்கத்தைக் கடந்து போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். யு.எஸ்.ஜி.ஏ. எனப்படும் அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் தலைமையகமும் அதன் மியூசியமும் லிபர்ட்டி கார்னரில் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு நாலு ஸ்டார், ஆடாதவர்களுக்கு மூன்று. நன்றாக ஆடும் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு, இதை எதுவரைக்கும் கொண்டுபோகலாம் என்று மனக்கணக்குப் போடும் பெற்றோர் என்றால் ஐந்து.

நான் அந்த மூன்றாவது ரகம். என் மகள் பள்ளி அணியில் ஆடுகிறாள். எனக்குத் தொழில் கணக்கு. ஆபீஸ் அவுட்டிங்கில் தொடங்கிய கோல்ஃப் என் கையில் இன்னும் ஆபீஸ் அவுட்டிங் தரத்திலேயே நிற்கிறது. அவளுடையது எங்கேயோ போய்விட்டது. கோல்ஃப் பிள்ளைகளின் பெற்றோர் இருவர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் ஒரே இடத்தில் வந்து முடியும்: கல்லூரிவரை ஆடட்டும், அப்புறம்? பரிசுப் பணம் வாங்காத அமெச்சூராகவே இருந்துவிடலாமா, ஆட்டத்தையே தொழிலாக்கி ப்ரோ ஆகலாமா? இந்தக் கேள்வியோடு போனால் மியூசியம் வேறு மாதிரித் தெரிகிறது. இது அப்படிப் போனவனுடைய விமர்சனம் என்று நினைத்துப் படியுங்கள்.

கட்டடம் 1919-இல் எழுந்த ஒரு பணக்கார வீட்டு மாளிகை. வடிவமைத்தவர் ஜான் ரஸ்ஸல் போப். வாஷிங்டனில் ஜெஃபர்சன் நினைவகத்தை வடிவமைத்த அதே போப். செங்கல் சுவர், வெள்ளைத் தூண்கள், சுற்றிலும் புல்வெளி. கோல்ஃப் என்றாலே கொட்டாவி விடும் என் மனைவிக்கு வீடு மட்டும் ரொம்பப் பிடித்துப்போனது. அது போதும், அந்த மூன்று ஸ்டாரில் இரண்டு கட்டடத்துக்குத்தான்.

உள்ளே போனதும் எல்லோரையும்போல நானும் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் அங்கே நேரம் செலவழிக்க வேண்டியது கோப்பைகளிடம் இல்லை, சுவரோடு. 'சாம்பியன்கள் மண்டபம்' என்று ஒரு வட்டக்கூடம். யு.எஸ்.ஜி.ஏ. நடத்தும் ஒவ்வொரு பட்டப் போட்டியிலும் ஜெயித்தவர்களின் பெயர்கள், ஆண்டுவாரியாக, வெண்கலத் தகடுகளில். ப்ரோ, அமெச்சூர் இருவகையினரும் ஆடும் யு.எஸ். ஓப்பனுக்கு ஒரு பட்டியல், அமெச்சூர்கள் மட்டும் ஆடும் யு.எஸ். அமெச்சூருக்கு ஒன்று, பெண்களுக்கு, ஜூனியர்களுக்கு, சீனியர்களுக்கு என்று சுற்றிவரலாம். வெறும் பெயரும் ஆண்டும்தான். பலரும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். என் யோசனை: அமெச்சூர் பட்டியலில் ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு, அது ஓப்பன் பட்டியலில் வருகிறதா என்று தேடிப் பாருங்கள். பேரேட்டில் ஒரு பதிவைப் பிடித்து எதிர்ப்பதிவைத் தேடும் தொழில் புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு இதைவிடச் சுவாரசியமான விளையாட்டு அந்தக் கட்டடத்தில் கிடைக்கவில்லை.

1954, யு.எஸ். அமெச்சூர்: அர்னால்ட் பால்மர். ஓப்பன் பக்கம் போனால் 1960-இல் இருக்கிறார். நடுவில் ஆறு வருஷம். ஜாக் நிக்லஸ்: அமெச்சூரில் 1959, 1961, ஓப்பனில் அடுத்த வருஷமே, 1962. அப்புறம் 1967, 1972, 1980. டைகர் வுட்ஸ் ஜூனியர் பட்டியலில் 1991, 92, 93 என்று மூன்று முறை, அமெச்சூரில் 94, 95, 96 என்று மூன்று முறை, ஓப்பனில் 2000, 2002, 2008. ஒரே ஆள் மூன்று பட்டியல்களில் மும்மூன்று தடவை. ஜெரி பேட்டுக்கு 1974, 1976. இடைவெளி இரண்டே வருஷம். பிரைசன் டிஷாம்போ 2015, பிறகு 2020, 2024.

இனி மறுபக்கம். 1990 அமெச்சூரில் ஃபில் மிக்கெல்சன் பெயர் இருக்கிறது. ஓப்பனில் தேடுங்கள், கிடைக்காது. ஆறு முறை இரண்டாம் இடம் வந்தவர். இரண்டாம் இடத்துக்குத் தகட்டில் இடமில்லை. 1982, 1983 இரண்டு வருஷமும் ஜே சீகல். அவரும் ஓப்பனில் இல்லை, ஆனால் அவர் கதை வேறு. கல்லூரியில் படிக்கும்போது கண்ணாடிக் கதவு ஒன்றில் கை மாட்டிக் கிழிந்து, ப்ரோ ஆகும் எண்ணத்தைக் கைவிட்டார். பென்சில்வேனியாவில் இன்சூரன்ஸ் தொழில் செய்துகொண்டு அமெச்சூராகவே ஆடினார். 50 வயதானதும் அந்த வயதினருக்கான சீனியர் டூருக்கு (டூர் என்றால் ஊர் ஊராக நடக்கும் ப்ரோ போட்டித் தொடர்) ப்ரோவாகப் போய் அங்கேயும் ஜெயித்தார். பிள்ளையிடம் சொல்லிவைக்க வேண்டிய கதைகளில் என் பட்டியலில் முதலில் நிற்பது இதுதான். என் மகளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "அம்பது வயசு வரைக்கும் வெயிட் பண்ணணுமாப்பா?" என்றாள்.

இரண்டு பட்டியல்களில் எது பெரியது என்று இன்று கேட்டால் சின்னப் பிள்ளையும் ஓப்பன் என்று சொல்லும். தொடக்கத்தில் அப்படியில்லை. இரண்டும் 1895-இல் ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் ஒரே வாரத்தில் தொடங்கியவை. அன்று அமெச்சூர்தான் பெரிய போட்டி. மூன்று நாள் அது நடந்து முடிந்த பிறகு, மறுநாள் ஒரே நாளில் 36 குழிகள் ஆடி ஓப்பனை முடித்துவிட்டார்கள். வென்ற ஹொராஸ் ராலின்ஸுக்குப் பரிசு 150 டாலரும் ஒரு தங்கப் பதக்கமும். ப்ரோ என்றால் அந்தக் காலத்தில் கிளப்பில் சம்பளத்துக்கு இருக்கிறவர்: மட்டை செய்து தருவார், உறுப்பினர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார், புல்லைப் பார்த்துக்கொள்வார். கிளப் மாளிகையின் முன்வாசல் வழியாக உள்ளே போகும் உரிமை கிடையாது. 1920 ஓப்பனில் ஒஹாயோவின் இன்வர்னஸ் கிளப் முதன்முறையாக ப்ரோக்களை உள்ளே விட்டது. நன்றியாக ஆட்டக்காரர்கள் பணம் போட்டு ஓர் ஆளுயரக் கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்கள். காசு வாங்காமல் ஆடுகிறவர் கனவான், காசு வாங்கி ஆடுகிறவர் வேலையாள். இந்தக் கோட்டைப் புரிந்துகொள்ளாமல் இங்கே அர்னால்ட் பால்மருக்கென்று இருக்கும் அறைக்குள் போனால், அங்கே இருப்பது ஒரு அழகான மனிதரின் சிரித்த முகப் படங்கள் மட்டும்தான் என்று தோன்றும்.

இந்த மியூசியத்தில் தனித்தனி ஆட்டக்காரர்களுக்கு அறைகள் உண்டு: பாபி ஜோன்ஸ், பென் ஹோகன், அர்னால்ட் பால்மர், மிக்கி ரைட், நிக்லஸ். பால்மர் பெயரில் அறை மட்டுமில்லை, 2008-இல் திறந்த விரிவாக்கப் பகுதிக்கே அவர் பெயர்தான். நான் அதிக நேரம் உட்கார்ந்தது இங்கேதான்.

பால்மரின் அப்பா டீக்கன், பென்சில்வேனியாவில் லாட்ரோப் கண்ட்ரி கிளப்பின் புல் பராமரிப்பாளர். பிறகு அதே கிளப்பின் ப்ரோவும் ஆனார். மகன் அந்த மைதானத்தின் ஓரத்தில் வளர்ந்தான். ஆனால் உறுப்பினர் பிள்ளைகள் நீந்தும் குளத்தில் இறங்க முடியாது. அப்பாவும் யாராவது அழைத்தால் ஒழிய கிளப் மாளிகைக்குள் கால் வைக்க மாட்டார். இப்படி ஒரு வீட்டிலிருந்து வருகிற பையன் அமெச்சூர் என்று ஆடும்போது, அவனுக்குப் பின்னால் குடும்பப் பணம் எதுவும் நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வேக் ஃபாரஸ்ட் கல்லூரியில் கோல்ஃப் உதவித்தொகையில் படித்தார். அறைத்தோழனும் உயிர் நண்பனுமான பட் வொர்ஷம் 1950-இல் கார் விபத்தில் இறந்துபோக, படிப்பை விட்டுவிட்டுக் கடலோரக் காவல் படையில் சேர்ந்தார். வெளியே வந்ததும் கிளீவ்லாந்தில் பெயிண்ட் விற்பனைப் பிரதிநிதி. பகலில் பெயிண்ட், சாயங்காலம் கோல்ஃப்.

1954 ஆகஸ்ட், கண்ட்ரி கிளப் ஆஃப் டெட்ராய்ட். யு.எஸ். அமெச்சூரின் இறுதி ஆட்டம், 36 குழிகள். எதிரில் ராபர்ட் ஸ்வீனி: 43 வயது, முதலீட்டு வங்கிக்காரர், 1937-இல் பிரிட்டிஷ் அமெச்சூரை வென்றவர், பணத்துக்குக் குறையே இல்லாத ஆள். இந்தப் பக்கம் 24 வயது பெயிண்ட் சேல்ஸ்மேன். தொடக்கத்தில் பின்தங்கியிருந்த பால்மர் கடைசியில் ஒரே ஒரு குழி வித்தியாசத்தில் ஜெயித்தார். தன் வாழ்க்கையின் திருப்பம் இந்த வெற்றிதான் என்று பின்னாளில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். நான்கு மாஸ்டர்ஸ், இரண்டு பிரிட்டிஷ் ஓப்பன், ஒரு யு.எஸ். ஓப்பன் வென்ற மனிதர், பைசா பரிசில்லாத ஒரு போட்டியைத்தான் திருப்பம் என்கிறார்.

வென்ற கையோடு ஷானியில் ஒரு போட்டிக்கு ஆடப் போனார். அது நம்ம ஊரிலிருந்து டெலவேர் ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும் இடம். அங்கே வினி வால்சரைச் சந்தித்து, சில நாள்களுக்குள்ளேயே கல்யாணத்துக்குக் கேட்டுவிட்டார். குடும்பம் நடத்தப் பெயிண்ட் வேலை போதாது. நவம்பரில் ப்ரோ ஆகிவிட்டதாக அறிவித்து, வில்சன் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார். டிசம்பரில் இருவரும் வீட்டாரை மீறிக் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

என் கணக்குப் புத்திக்கு இங்கேதான் விஷயம் ஆரம்பிக்கிறது. ப்ரோ ஆன மறுநாளே சம்பாதிக்கலாம் என்றுதானே நினைப்போம்? அன்றைய பி.ஜி.ஏ. (ப்ரோக்களின் சங்கம்) விதிப்படி புதிதாகச் சேர்ந்தவருக்கு ஆறு மாதப் பயிற்சிக் காலம். அதுவரை டூர் போட்டிகளில் அதிகாரப்பூர்வப் பரிசுப் பணத்தைத் தொட முடியாது. ஆடலாம், நல்ல இடத்தில் முடிக்கலாம், பணம் மட்டும் கிடையாது. அமெச்சூர் என்ற கௌரவமும் போய்விட்டது, ப்ரோ என்ற வருமானமும் வரவில்லை. புதுப் பெண்டாட்டியோடு காரின் பின்னால் ஒரு டிரெய்லரைக் கட்டி இழுத்துக்கொண்டு, ஊர் ஊராக அதிலேயே தங்கிச் சமைத்துச் சாப்பிட்டு ஆடினார். 1955 ஆகஸ்டில் டொராண்டோவில் கனேடியன் ஓப்பனை வென்றபோதுதான் முதல் பெரிய காசோலை: 2,400 டாலர். டெட்ராய்டிலிருந்து அங்கே வந்துசேர ஏறக்குறைய ஒரு வருஷம்.

அமெச்சூரிலிருந்து ப்ரோ என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம், நடுவில் இப்படி ஒரு டிரெய்லர் நிற்கிறது. என் மகளை அந்த அறையில் உட்காரவைத்து நான் சொன்ன கதை இதுதான். அதற்கு அவள் கேட்டது, "டிரெய்லர்ல ஏசி இருந்துச்சாப்பா?"

1960 யு.எஸ். ஓப்பன் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும் விட மனசில்லை. டென்வரின் செர்ரி ஹில்ஸ். கடைசிச் சுற்றுக்கு முன் பால்மர் ஏழு ஸ்ட்ரோக் பின்னால், அதாவது முன்னணியில் இருந்தவரைவிட ஏழு அடி அதிகம். 346 கெஜம் நீள முதல் குழியில் தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையை எடுத்து நேராக, குழி இருக்கும் கிரீனுக்கே அடித்தார். அந்தச் சுற்று 65, மொத்தம் 280, பட்டம். இரண்டாம் இடத்தில் 282-உடன் ஒஹாயோவிலிருந்து வந்த 20 வயது கல்லூரி மாணவன், அமெச்சூர், பெயர் ஜாக் நிக்லஸ். அன்று நிக்லஸோடு சேர்ந்து ஆடியவர் ஹோகன். இந்த மியூசியத்தில் அறை வாங்கிய ஐவரில் மூவர் அன்று அதே புல்லில் பட்டத்துக்காக மோதிக்கொண்டிருந்தார்கள்.

ஜோன்ஸ், ஹோகன் அறைகளை அடுத்தடுத்துப் பாருங்கள். ஜோன்ஸ் அறையில் கலாமிட்டி ஜேன் என்று பேர்போன பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை) இருக்கிறது, அந்தப் பெயரில் அவர் வைத்திருந்த இரண்டாவது. அதை வைத்துத்தான் 1930-இல் பிரிட்டிஷ் அமெச்சூர், பிரிட்டிஷ் ஓப்பன், யு.எஸ். ஓப்பன், யு.எஸ். அமெச்சூர் நான்கையும் ஒரே வருஷத்தில் அள்ளினார். ஒரு சதம்கூடப் பரிசாக வாங்காமல், 28 வயதில் போட்டிகளிலிருந்து விலகிவிட்டார். வக்கீல். வருமானத்துக்கு வேறு வழி இருந்த மனிதர். பிறகு வார்னர் பிரதர்ஸுக்கு கோல்ஃப் பாடக் குறும்படங்களில் நடித்துப் பணம் வாங்கினார், ஆனால் அது போட்டிக்கு முழுக்குப் போட்ட பிறகு. அதே 1930-இல்தான் டெக்சஸில் பென் ஹோகன் என்ற 17 வயதுப் பையன் ப்ரோ ஆனான். கேடியாகக் குழிக்குக் குழி பை தூக்கி வளர்ந்தவன். அவனுக்கு அமெச்சூர் என்ற சொகுசே கிடையாது. டூருக்குப் போவது, காசு தீர்ந்து ஊர் திரும்புவது, மறுபடியும் போவது. தனியாக முதல் டூர் போட்டியை வெல்ல 1940 ஆயிற்று. பத்து வருஷம்! 1949-இல் பஸ் மோதி நடப்பதே சந்தேகம் என்றிருந்தவர், 1950 யு.எஸ். ஓப்பனில், மெரியனில் கடைசிக் குழியில் 1-அயர்ன் என்ற இரும்பு மட்டையால் அடித்து சமனுக்குக் கொண்டுவந்து, மறுநாள் சமன் தீர்க்கும் பிளேஆஃபில் பட்டத்தை வாங்கினார். அந்த மட்டை அப்போதே திருட்டுப்போய், முப்பது வருஷத்துக்கும் மேல் கழித்துக் கிடைத்து, இப்போது இங்கே இருக்கிறது. கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் அதன் முகத்தைப் பாருங்கள். வெண்ணெய்க் கத்தி மாதிரி மெல்லிசு. இன்றைய டிரைவர்களின் மண்டை அளவுக்குப் பழகிய என் மகள், "இதை வச்சு எப்படிப்பா பந்தை மேல தூக்கினாரு?" என்று அங்கேயே நின்றுவிட்டாள். மட்டை பார்க்கத்தான் வந்தேன் என்கிறவர்களுக்கு இந்த ஒன்றே போதும்.

நிக்லஸ் அறையை ஓரளவு வேகமாகவே கடந்தேன். சாதனை அதிகம், கதை நமக்கு முன்பே தெரியும். ஒரு விஷயம் மட்டும். ஜோன்ஸைப் போலக் கடைசிவரை அமெச்சூராகவே இருந்துவிடலாம் என்று நிக்லஸும் நினைத்திருந்தார். படித்துக்கொண்டே இன்சூரன்ஸ் விற்றார். கல்யாணம், குழந்தை என்று வந்ததும் 1961 கடைசியில் மனம் மாறினார். ப்ரோவாக முதல் போட்டி லாஸ் ஏஞ்சலஸ் ஓப்பன், முதல் காசோலை 33 டாலர் 33 சென்ட். ஆறு மாதம் கூட ஆகவில்லை, ஓக்மாண்டில் யு.எஸ். ஓப்பன் பிளேஆஃபில் பால்மரை 71-க்கு 74 என்று வீழ்த்தினார். ஓக்மாண்ட் பால்மரின் சொந்த ஊருக்குப் பக்கம், கூட்டம் முழுக்கப் பால்மர் பக்கம். ப்ரோவாக நிக்லஸின் முதல் வெற்றியே அதுதான்.

மிக்கி ரைட் அறையைத் தவறவிடாதீர்கள், முக்கியமாகப் பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள். 2012-இல் திறந்தது. அதிலிருப்பவை அவரே தந்த பொருள்கள். 1952-இல் பெண் ஜூனியர் சாம்பியன், ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்து பாதியில் விட்டவர். 1954 பெண்கள் ஓப்பனில் அமெச்சூர்களில் முதலிடம் பிடித்து, அடுத்த வருஷம் பெண் ப்ரோக்களின் எல்.பி.ஜி.ஏ. டூரில் இருந்தார். மொத்தம் 82 வெற்றிகள். அவற்றில் 81-ஐ ஒரே பட்டரால் வென்றார் என்பதைக் கேட்டு என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். போன வருஷம்தான் அவளுக்குப் புதுப் பட்டர் வாங்கிக் கொடுத்திருந்தேன், அடுத்ததற்கு அடி போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சு அன்றோடு நின்றது. நுழைவுக் கட்டணம் அங்கேயே வசூல்.

அன்று காரில் திரும்பும்போது பேசியதெல்லாம் நிக் டன்லப் பற்றித்தான். 2023 யு.எஸ். அமெச்சூர் பட்டத்தை அவர் வென்ற இடம் அதே செர்ரி ஹில்ஸ். ஜூனியர் அமெச்சூர், அமெச்சூர் இரண்டு பட்டங்களையும் வென்றவர்கள் அதுவரை டைகர் ஒருவர்தான், இவர் இரண்டாவது. அலபாமா பல்கலைக்கழக மாணவனாக இருந்துகொண்டே 2024 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்ற பி.ஜி.ஏ. டூர் போட்டியை 29 அண்டர் (மைதானத்துக்கு நிர்ணயித்த அடிகளைவிட 29 குறைவு) என்ற கணக்கில் ஜெயித்தார். ஓர் அமெச்சூர் டூர் போட்டியை வெல்வது 1991-இல் மிக்கெல்சனுக்குப் பிறகு அதுவே முதல் முறை. முதல் பரிசு 15 லட்சத்து 12 ஆயிரம் டாலர். அவருக்கு வந்தது பூஜ்யம். முழுத்தொகையும் இரண்டாவதாக முடித்த தென்னாப்பிரிக்கர் கிறிஸ்டியான் பெஸாய்டன்ஹவுட்டுக்குப் போனது.

"ஜெயிச்சவனுக்கு இல்ல, தோத்தவருக்கா?" என்று பின்சீட்டிலிருந்து ஒரே கூச்சல். விதி அதுதான். 2022-இலிருந்து அமெச்சூர் விதிகளை நிறையத் தளர்த்திவிட்டார்கள். தன் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பர ஒப்பந்தம் செய்துகொள்ளலாம், அதனால் அமெச்சூர் தகுதி போகாது. போட்டிப் பரிசாக வாங்கும் தொகைக்கு மட்டும் இன்னும் 1,000 டாலர் வரம்பு. ஒரு கம்பெனி தொப்பியைப் போட்டுக்கொள்ளக் காசு வாங்கலாம், அந்தத் தொப்பியோடு ஜெயித்ததற்குக் காசு வாங்கக் கூடாது. எனக்கு இதன் தர்க்கம் பாதிதான் பிடிபடுகிறது. டன்லப்புக்கு அந்தத் தர்க்கம் தேவைப்படவில்லை. சில நாள்களில் ப்ரோ ஆகிவிட்டார், அதே வருஷம் ஜூலையில் பராகூடா போட்டியை வென்று பணத்தையும் வாங்கிக்கொண்டார். ஒரே வருஷத்தில் அமெச்சூராகவும் ப்ரோவாகவும் டூரில் வென்ற முதல் ஆள்.

சரி, மியூசியத்தின் குறை என்ன? குறை என்பதைவிட எல்லை என்று சொல்லலாம். இது பட்டப் போட்டிகளை நடத்தும் சங்கத்தின் மியூசியம், அதனால் இங்கே பேசுவது பட்டங்கள். வாரா வாரம் திங்கட்கிழமை தகுதிச் சுற்று ஆடி, பாதி ஆட்டக்காரர்களை வெளியேற்றும் வெள்ளிக்கிழமை 'கட்'டில் வெளியே விழுந்து, மோட்டலைக் காலி செய்துவிட்டு அடுத்த ஊருக்கு வண்டி ஓட்டும் ப்ரோவின் வாழ்க்கைக்கு இங்கே வேலையில்லை. ப்ரோ ஆனவர்களில் பெரும்பாலோர் வாழ்வது அந்த வாழ்க்கை. பிள்ளை ப்ரோ ஆனால் மாதம் எவ்வளவு செலவு, எத்தனை வருஷம் தாக்குப்பிடிக்கலாம் என்ற கணக்கோடு வந்தால் விடை கிடைக்காது. அதற்கு, பி.ஜி.ஏ. டூருக்கு அடுத்த நிலையில் இருக்கும் கோர்ன் ஃபெரி டூர் போட்டி ஒன்றுக்குப் போய்க் கயிற்றோரம் நடந்து பாருங்கள், மியூசியத்தைவிட அது நன்றாகச் சொல்லிக்கொடுக்கும். டைகர் 1996-இல் ப்ரோ ஆனபோது நைக்கி தந்ததாகப் பேசப்பட்ட 4 கோடி டாலரைத்தான் நம் வீடுகளில் நினைவு வைத்திருக்கிறோம். ப்ரோவாக முதல் போட்டியில் அவர் ஆடி வாங்கிய காசோலை 2,544 டாலர்.

சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு: முதலில் ஆலன் ஷெப்பர்டின் மட்டையைக் காட்டிவிடுங்கள். 1971-இல் அப்பல்லோ 14-இல் நிலாவுக்குப் போனவர், பாறை மாதிரி எடுக்கும் கருவியின் கைப்பிடியில் ஒரு 6-அயர்ன் தலையை மாட்டி அங்கே பந்து அடித்தார். அந்த மட்டை இங்கே இருக்கிறது. அப்புறம் அவர்கள் உங்களை அமைதியாக வெண்கலத் தகடு படிக்க விடுவார்கள். வெளியே ஒரு பட்டிங் மைதானம் இருக்கிறது, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 'ஹிமாலயாஸ்' என்று சொல்லும் மேடு பள்ளமான பட்டிங் மைதானத்தை முன்மாதிரியாக வைத்து அமைத்தது. பழைய காலத்து மட்டை மாதிரிகளைக் கொண்டு ஆடிப் பார்க்கலாம். பந்து எங்கே போகும் என்று உங்களுக்கும் தெரியாது, பந்துக்கும் தெரியாது. கோல்ஃபே ஆடாத என் மனைவி அங்கே எங்கள் இருவரையும் தோற்கடித்தாள். குளிர்காலத்தில் போனால் இது கிடைக்காது. குளிர் விட்ட மாதங்களில் போங்கள். திறக்கும் நாளையும் கட்டணத்தையும் கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அரை நாள் போதும். கூட்டத்துக்குப் பயந்து யாரும் போகாமல் இருக்க வேண்டியதில்லை, நாங்கள் போனபோது பால்மர் அறையில் எங்களைத் தவிர ஒரே ஒரு வயதான தம்பதிதான்.

வசதி இருந்தால் இன்னொரு வாரக் கடைசியில் பென்சில்வேனியாவைக் குறுக்கே கடந்து லாட்ரோப் பக்கமும் ஒரு டிரைவ் போகலாம் என்றிருக்கிறேன். குளத்தில் இறங்கக் கூடாதென்று சிறுவன் பால்மரைத் தள்ளிவைத்த அந்த கிளப்பை 1971-இல் பால்மர் விலைக்கு வாங்கிவிட்டார்.